கிட்டங்கிக்கு ஒரு சிம் ரவுட்டர்: அமைக்கும் முறை



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்து வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனுக்குள் வந்தது. ஏரல் கடைவீதியில் கடை கடையாகச் சரக்கு போயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. 1992 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்தவன் நான். அன்றைக்கு டெலிபோன் செத்துப்போனால் ஆள் அனுப்பிக் காரியம் பார்த்தோம். பில் புத்தகமும் கார்பன் தாளும் இருந்தால் வியாபாரம் நடந்தது.

இந்த முறை என் கிட்டங்கி மேட்டில் இருந்ததால் சரக்கு நனையவில்லை. ஃபைபர் வயர் மட்டும் எங்கோ அறுந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் சில்லறைக் கடைக்காரர்கள் பருப்பு, எண்ணெய், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி என்று கேட்டு வந்து நின்றார்கள். கொடுக்கச் சரக்கு இருக்கிறது, ஏற்ற லாரியும் நிற்கிறது, பில் போடத்தான் வழியில்லை. ஆண்டு விற்றுவரவு 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். நம் மாநிலத்துக்குள்ளேயே 1 லட்சம் ரூபாய்க்கு மேல் லோடு போனால் இ-வே பில் வேண்டும். இரண்டையும் நாங்கள் நெட்டில்தான் எடுத்து வந்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி நாளுக்கென்றே ஒரு சிம் ரவுட்டர் என் கிட்டங்கிச் சுவரில் மாட்டியிருந்தது. பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நெட் மட்டும் வரவில்லை. அதற்குள் இருந்த சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. யாருக்கு? அந்தப் பெட்டிக்கே வந்திருக்கிறது! பெட்டியைத் திறந்து பார்க்கக் கடவுச்சொல் எங்களிடம் இல்லை. மாட்டிக்கொடுத்த தம்பி, "அண்ணாச்சி, நீங்க இதைத் தொடாதீங்க, ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவர் வீட்டைச் சுற்றியும் அன்றைக்குத் தண்ணீர். என் மகன் தன் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுச் சமாளித்தான். அவன் வெளியே போனால் பில்லும் நின்றது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடப் படிப்போடு நிறுத்தியவன் நான். எனக்கு வந்தது உங்களுக்கும் வரும்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். கல்லாவின் மேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிறதே, அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. கார்டு தேய்க்கும் கையடக்க இயந்திரத்திலும் பெரும்பாலும் உண்டு. அவை தனக்கு மட்டும் நெட் எடுத்துக்கொள்கின்றன. சிம் ரவுட்டர் கடை முழுவதற்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. வீட்டில் வைக்கும் பிளாஸ்டிக் ரகமும் இருக்கிறது, தொழிற்சாலை ரகமும் இருக்கிறது. இரண்டாவது ரகத்தில் இரும்பு அல்லது அலுமினியக் கூடு, வெளியே திருகும் ஏரியல், தகரக் கூரையின் வெப்பத்தைத் தாங்கும் சக்தி, 9 முதல் 30 வோல்ட் வரை எது கொடுத்தாலும் ஓடும் தன்மை எல்லாம் இருக்கும். 12 வோல்ட் பாட்டரியிலேயே ஓடும் என்பது மின்வெட்டு நாளில் பெரிய உபகாரம். லித்துவேனியா நாட்டு டெல்டோனிகா கம்பெனியின் ஆர்.யு.டி. வரிசை இந்த ரகம்தான். வேறு கம்பெனிகளும் செய்கின்றன. பக்கங்களின் தோற்றம் மாறும், விஷயம் ஒன்றுதான்.

வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் பாண்ட் எண்ணைக் கேளுங்கள். ஒரே மாடல் ஐரோப்பாவுக்கு ஒன்று, ஆசியாவுக்கு ஒன்று என்று வேறு வேறாக வருகிறது. நம் ஊரில் ஜியோவுக்கு 3, 5, 40. ஏர்டெல்லுக்கு 3, 8, 40 ஆகியவை வேண்டும். 2025 செப்டம்பர் 27-ல் நாடு முழுக்கத் தொடங்கிவைக்கப்பட்ட பி.எஸ்.என்.எல். 4ஜி-க்கு 28-ம் வேண்டும். 5, 8, 28 ஆகியவை தடித்த சுவரையும் ஓரளவு ஊடுருவும் அலைகள். மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்கு அவைதான் முக்கியம். ஐரோப்பியப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு 5-ம் 40-ம் இல்லாமல் முழிப்பவர்கள் உண்டு. இரண்டு சிம் போடும் மாடலாக இருந்தால் நல்லது. இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும்.

சிம்மை நிறுவனத்தின் பெயரில் வாங்க வேண்டும். மாட்டிக்கொடுப்பவர் பெயரில் வேண்டவே வேண்டாம். போஸ்ட்பெய்டாக, நம் ஜி.எஸ்.டி. எண் போட்டு வாங்கினால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவில் எடுத்துக்கொள்ளலாம். ரீசார்ஜ் மறந்துபோகும் தொல்லையும் இல்லை.

சிம்மைக் கரண்ட் இல்லாத நிலையில் செருகுங்கள். மொபைல் ஏரியலும் வைஃபை ஏரியலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நடுவில் இருக்கும் ஊசி அமைப்பு வேறு. ஏறவில்லை என்றால் பலவந்தம் செய்யாமல் மாற்றிப் பாருங்கள். ஷட்டருக்குப் பின்னாலும் இரும்பு அலமாரிக்குள்ளும் வைத்தால் சிக்னல் வராது.

இப்போது அமைக்கும் வேலை. பெட்டியின் லேன் துவாரத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போடுங்கள். கம்ப்யூட்டரில் குரோம் போன்ற பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி அடிக்கும் இடத்தில் 192.168.1.1 என்று அடித்து என்டர் தட்டினால் பெட்டிக்குள் இருக்கும் பக்கம் திறக்கும். அதற்கு நெட் தேவையில்லை. அந்தப் பக்கம் வெளியிலிருந்து வருவதில்லை, பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பெயர் அட்மின். பழைய டெல்டோனிகா பெட்டிகளுக்குக் கடவுச்சொல் அட்மின்01 என்று எல்லாவற்றுக்கும் ஒன்றே. புதியவற்றில் பெட்டிக்குப் பெட்டி வேறு, ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும்.

உள்ளே போனதும் முதல் வேலை அந்தச் சொல்லை மாற்றுவது. இதை அலட்சியம் செய்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2016-ல் மிராய் என்ற விஷமப் புரோகிராம், கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் உலகம் முழுக்கப் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் அவற்றை வைத்தே அமெரிக்காவில் பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் முடக்கினார்கள். நம் பக்கத்து மாநிலத்தையே பாருங்கள். 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஏறத்தாழ 60 ஆயிரம், இதே மாதிரிக் காரணத்தால் படுத்துவிட்டன. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று கம்பெனியே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. கல்லாப்பெட்டி வாங்கினால் பூட்டை மாற்றுகிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். மாற்றிய சொல்லைக் கணக்குப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பேரேட்டைப் பீரோவில் வையுங்கள். பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டிய கடையை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஏ.பி.என். சிம் கம்பெனியின் வாசல் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் என்ற பகுதியில் மொபைல் என்ற பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் பெட்டி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஜியோ சிம்முக்கு ஜியோநெட், பி.எஸ்.என்.எல்.லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம் என்று இங்கிலீஷ் சிறிய எழுத்தில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. ஆகவே நெட்வொர்க் வகை என்ற இடத்தில் 4ஜி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் சிக்னல் அளவு மைனஸில் இருக்கும். ஆர்.எஸ்.ஆர்.பி. என்று போட்டிருக்கும். நம் கடன் பாக்கி மாதிரி நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது: மைனஸ் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மைனஸ் 85 என்றால் சுகம். மைனஸ் 105-ஐத் தாண்டினால் தடுமாறும். எனக்கு முதலில் மைனஸ் 112 காட்டியது. ஏரியலை வயரோடு ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோனதும் 91-க்கு வந்தது.

இனி என்னைப் பாடாய்ப் படுத்திய ஒன்று. ஃபைபர்காரர்கள் வைத்துவிட்டுப் போகும் மோடமும் பல இடங்களில் 192.168.1.1 என்ற எண்ணையே வைத்திருக்கும். அதை நம் ரவுட்டரின் வேன் துவாரத்தில் செருகினால் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு என்றாகிவிடும், தபால்காரர் எங்கே போவார்? நெட் வராது, காரணமும் தெரியாது. லேன் என்ற பக்கத்தில் நம் ரவுட்டரின் எண்ணை 192.168.10.1 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. மாற்றியபின் அந்தப் பக்கத்துக்குப் போக புது எண்ணைத்தான் அடிக்க வேண்டும். பிரிண்டர், கேமரா டி.வி.ஆர். ஆகியவற்றுக்குப் பழைய எண்ணை நிரந்தரமாகக் கொடுத்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகு ஃபெயில்ஓவர். ஃபைபர் முதலில், அது போனால் சிம் என்று வரிசை வைப்பது. இதில் ஒரு நுணுக்கம். ஃபைபர் மோடமில் விளக்கு எரியும், ஆனால் நெட் இருக்காது. வயர் செருகியிருக்கிறதா என்று மட்டும் ரவுட்டர் பார்த்தால் ஏமாந்துபோகும். ஆகவே வெளியே 8.8.8.8 போன்ற ஒரு முகவரிக்கு அடிக்கடி குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லும் வசதியை இயக்க வேண்டும். சிம் பக்கமும் சில சமயம் உறைந்துபோகும். அதற்கு ஆட்டோ ரீபூட் என்ற பகுதி இருக்கிறது. மூன்று முறை பதில் வராவிட்டால் மோடத்தை மட்டும் மறுபடி இயக்கு என்று வையுங்கள். பெட்டி முழுவதையும் அணைத்துப் போடச் சொன்னால், டவரே படுத்திருக்கும் நாளில் அது இரவெல்லாம் அணைந்து அணைந்து எரியும்.

எஸ்.எம்.எஸ். படிக்கும் இடத்தைத் தேடி வையுங்கள். சிம் கம்பெனி அனுப்பும் எச்சரிக்கை, ஓ.டி.பி. எல்லாம் அங்கேதான் கிடக்கும். நான் முதன்முதலாகத் திறந்தபோது நாற்பதுக்கு மேல் படிக்காமல் கிடந்தன.

கேமரா விஷயத்தில் ஜாக்கிரதை. பில் போடுவதற்கும் இ-வே பில்லுக்கும் கொஞ்சம் டேட்டா போதும். கேமரா படத்தை ஓயாமல் வெளியே அனுப்பினால் ஒரு நாள் அளவு மத்தியானத்துக்குள் தீர்ந்து, வேகம் நத்தையாகிவிடும். சிம்மில் ஓடும்போது கேமராவை நிறுத்தி வைக்க வழி செய்யுங்கள். சாதாரண சிம்முக்கு வெளியிலிருந்து அழைக்கத் தனி முகவரி கிடையாது. ஆகவே வீட்டிலிருந்து கிட்டங்கிக் கேமராவை நேரடியாகப் பார்க்க முடியாது. டி.வி.ஆர். கம்பெனியின் செயலி மூலம்தான் பார்க்க வேண்டும். அதற்காக ரவுட்டரின் பக்கத்தை வெளியுலகுக்குத் திறந்துவிடும்படி யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

எல்லாம் சரியானபின் பேக்கப் என்ற இடத்தில் அமைப்பு முழுவதையும் ஒரு ஃபைலாக இறக்கிப் பென் டிரைவில் வைக்கலாம். ஏனென்றால் பெட்டியின் பின்னால் ரீசெட் பொத்தான் ஒன்று இருக்கிறது. கடவுச்சொல் தொலைந்தால் அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெட்டி பழைய கம்பெனி நிலைக்குப் போய்விடும். நாம் செய்ததெல்லாம் அழிந்தும் விடும். வெள்ளத்தன்று எனக்கு இந்தப் பொத்தான் தெரியாது. தெரிந்திருந்தால் உள்ளே போய் எஸ்.எம்.எஸ். பார்த்து, ஒரு மணி நேரத்தில் ரீசார்ஜ் செய்திருப்பேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த வெள்ளத்தில் பல இடங்களில் கரண்ட் இல்லாமல் டவர்களும் நின்றன. சுற்றிலும் எந்த டவரும் உயிரோடு இல்லையென்றால் இந்தப் பெட்டியால் ஒன்றும் ஆகாது. இரண்டு கம்பெனி சிம் வைப்பது அந்த ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது.

இப்போது மாதம் முதல் தேதி, கடை திறந்ததும் கணக்கப்பிள்ளை ஃபைபர் வயரைப் பிடுங்கிவிட்டு ஒரு பில் போட்டுப் பார்க்கிறார். சிம்முக்கு மாறுவதற்கு எங்கள் பெட்டி அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. பிறகு வயரைச் செருகிவிட்டு, எஸ்.எம்.எஸ். பக்கத்தைப் பார்த்து, பேரேட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறார். சென்ற மார்கழியில் ஒரு முறை மாறவில்லை. ஏரியல் மரையை எலி பிடித்த வயரோடு யாரோ இழுத்துத் தளர்த்தியிருந்தார்கள்.

உறுப்பினர்கள் யாராவது தங்கள் பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்க்க விரும்பினால், பகல் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்கு வாருங்கள். பெட்டியையும் அதன் ஒட்டுத்தாளையும் மறக்காமல் எடுத்துவர வேண்டும்.