ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது?

தர்மபுரி மாவட்டத்தில் வீடு புதுப்பிக்கும் டிசைன்கள் பெரும்பாலும் பெங்களூரு பஸ்ஸில்தான் வந்து இறங்குகின்றன. கட்டட வேலைக்காகப் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் போகிறவர்கள் ஏராளம். அங்கே அடுக்குமாடி வீடுகளில் டைல்ஸ் ஒட்டியும் பட்டி பார்த்தும் கற்ற வேலையைச் சொந்த வீட்டில் செய்து பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஹாலில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதன் ஓரத்தில் ஒளிந்து எரியும் எல்இடி பட்டை, டிவிக்குப் பின்னால் வரிவரியான பேனல், முகப்பில் சிஎன்சி மெஷினில் வெட்டிய ஜாலி, யுபிவிசி ஜன்னல், சாம்பல் நிற டைல்ஸ். எல்லாம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. பணம் போகும் வரிசைதான் தலைகீழ். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் லட்சம் செலவாகிறது. கூரைத் தளத்துக்கு ஒரு பெயின்ட் டப்பாவோடு சரி.

தொகுப்பு வீடுகளில் இதன் விளைவு சீக்கிரம் தெரியும். அரசுத் திட்டங்களில் கட்டப்பட்டு இருபத்தைந்து, முப்பது வருடம் ஆன வீடுகளில் தளத்தின் அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி எட்டிப் பார்க்கும். 2000-01க்கு முன் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2024இல் திட்டம் அறிவித்தது. பழுதுபார்க்கவே முடியாத 25,000 வீடுகளை இடித்துக் கட்ட 2025-26 பட்ஜெட்டில் 600 கோடி ஒதுக்கியது. வயதான தளம் என்பது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை.

தளம் ஏன் இப்படிப் பெயர்கிறது? புது கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. வருடங்கள் போகப்போக காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். தளத்தில் கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது விதி. கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகைமேலேயே படுக்கவிட்டு ஊற்றிய தளத்தில் அந்த இடைவெளியே இருக்காது. கூட ஒழுகலும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைக் கீழே தள்ளும்.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பிப் பட்டி பார்த்தால் ஒரு மழைக்காலம் தாங்கலாம். சரியான வேலை அழுக்கானது, சத்தமானது. தளர்ந்த கான்கிரீட்டை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் வெளியே தெரியவிட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டால் நோய் கண்ணில் படாமல் வளரும். ஜிப்சம் பலகையாவது நனைந்தால் கறை காட்டிக்கொடுக்கும். பிவிசி பேனல் அதுவும் காட்டாது.

வெயிலுக்குத்தான் ஃபால்ஸ் சீலிங் என்று சிலர் சொல்வார்கள். இடையில் நிற்கும் காற்று சூட்டைக் கொஞ்சம் தடுப்பது உண்மை. ஆனால் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க கக்கிக்கொண்டுதான் இருக்கும். வெயிலை மேலேயே தடுப்பது புத்திசாலித்தனம். முன்பு அதற்கு செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி, மேலே தட்டோடு பதித்தார்கள். இப்போது அந்த இடத்தில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் வந்திருக்கிறது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. கையில் காசு இல்லாதவர்கள் கோடைக்கு முன் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். தூசு படிந்து மங்கிவிடும் என்பதால் வருடாவருடம் அடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஜல்லித் தளத்தின் மேலேயே இன்னொரு மூன்று அங்குலம் ஜல்லி போடலாம் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. 300 சதுர அடி வீட்டின் தலையில் கிட்டத்தட்ட நாலு டன்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரில் கட்டி, அதிலேயே நனைத்த சுவரில் அடியிலிருந்து இரண்டு, மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்து, பெயின்ட் பொரிந்து கொட்டுவதை இங்கே பார்க்காதவர்கள் இல்லை. உப்பு, ஈரத்தோடு ஏறி, ஈரம் காயும் இடத்தில் படிகமாகிப் பூச்சை உடைக்கிறது. மேலே எத்தனை விலை உயர்ந்த பட்டி பூசினாலும் அதையும் சேர்த்தே தள்ளும். கெட்ட பூச்சைச் செங்கல் வரை செதுக்கி, உப்பைத் தண்ணீர் விடாமல் உலர் பிரஷ்ஷால் தட்டி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சுண்ணாம்பு தெரிந்த மேஸ்திரி கிடைத்தால் விடாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. தளம் பெயர்வதற்கு உப்புத் தண்ணீரும் ஒரு காரணம். வேலை தொடங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு பேனலின் விலைகூட வராது.

தரை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மாவட்டமும், 2004இல் இதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியும் கிரானைட் பூமி. கல் கப்பலேறி வெளிநாடு போகிறது. நம் ஹாலுக்கு குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் டைல்ஸ் வருகிறது. விலையும் ஒட்டும் வேகமும் அப்படி. பழைய ரெட் ஆக்சைடு தரை மீண்டும் மோஸ்தர் ஆகியிருப்பது உண்மைதான், ஆனால் விரிசல் விடாமல் அதைத் தேய்த்து மெருகேற்றும் கை இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை.

எந்த டைல்ஸ் என்பதில் தர்மபுரிக்காரர்கள் நிறத்தைவிட வழுக்கலைப் பார்க்க வேண்டும். காரணம் இங்குள்ள தண்ணீர். சமையல் மேடைக்கு நாம் மெருகேற்றிப் போடுகிறோமே, அந்தப் பாறைகளின் உறவுக்காரப் பாறைகள்தான் நிலத்தடி நீரில் புளோரைடைக் கரைத்துவிடுகின்றன. ஜப்பான் கடனுதவியோடு 2013இல் செயலுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் என்ற புளோரைடு நோயின் தடுப்பும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் போர் தண்ணீர் குடித்தவர்களில் எலும்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகியிருக்கும். குந்துவது கஷ்டம், விழுந்தால் எழுவது அதைவிடக் கஷ்டம். அப்படிப்பட்ட பெரியவர் இருக்கும் வீட்டில் கண்ணாடி போலப் பளபளக்கும் டைல்ஸ் ஆபத்து. பாத்ரூமில் சொரசொரப்பான டைல்ஸ், உட்காரும் கழிப்பறை, அதன் பக்கத்துச் சுவரில் எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி, வாசற்படிக்குப் பதிலாக ஒரு சின்னச் சரிவு: இவையெல்லாம் சேர்ந்தும் ஃபால்ஸ் சீலிங் பட்ஜெட்டை எட்டாது. கம்பியை மட்டும் டைல்ஸ் ஒட்டும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும். ஹாலோ பிளாக் சுவரானால் அந்த இடத்தில் உள்ளே கான்கிரீட் நிரப்பினால்தான் ஆள் பாரத்துக்கு போல்ட் பிடுங்கிக்கொண்டு வராது.