விழுந்த வேப்பமரமும் ஒரு செயின்சாவும்

இன்னைக்கு எபிசோடுல கோடிங் இல்லை, மரம்.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ, ஆலங்குடி பக்கம் எங்க தோட்டத்துல ஒரு பெரிய பலாமரம் சாய்ஞ்சது. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்த நேரம் அது. லாரி கிடைக்கலை. கடைசியில துண்டு போட்டு விறகுக்குக் கொடுத்தோம். வீணை செய்யற மரத்தை! அப்பத்தா இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டும்.

அதனால போன வருஷம் வீட்டு வாசல் வேம்பு காத்துல விழுந்தப்போ, அதை விறகாக விடக்கூடாதுன்னு முடிவு பண்ணேன். மர அறுவை மில்லுல கேட்டா, "வீட்டு மரமா? ஆணி இருக்கும், பிளேடு போயிடும், வேண்டாம் தம்பி"ன்னுட்டாங்க. அப்போதான் செயின்சா மில் பக்கம் போனேன்.

பேரைக் கேட்டா பெரிய மெஷின் மாதிரி இருக்கும். ஆனா அது வெறும் ஒரு ஃபிரேம். செயின்சாவுல செயின் ஓடுற நீளமான பட்டை இருக்குல்ல, அதுக்குப் பேரு பார். அந்த பாரை இந்த ஃபிரேம் இறுக்கிப் பிடிச்சுக்கும். ஃபிரேமுக்கும் பாருக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி வைக்கிறோமோ, அதுதான் பலகையோட கனம். மில்லுல மரம் ரம்பத்துகிட்ட போகணும். இங்க ரம்பம் மரத்துகிட்ட வருது. மரம் விழுந்த இடத்துலயே கிடக்கலாம்.

இதுல எல்லாமே முதல் வெட்டுதான். மரம் உருண்டையா, மேடு பள்ளமா இருக்கும். அது மேல ஃபிரேமை ஓட்டினா பலகையும் அப்படியேதான் வரும். அதனால ஒரு நேரான அலுமினிய ஏணியை மரத்து மேல படுக்க வச்சு, ஆடாம திருகி, அதைத் தண்டவாளம் மாதிரி வச்சு முதல் வெட்டு போடணும். அடுத்த வெட்டுக்கு ஏணி வேண்டாம், வெட்டின தட்டையான முகமே போதும். ஆனா முதல் வெட்டு கோணலா போனா, அந்தக் கோணல் ஒவ்வொரு பலகைக்கும் காப்பி ஆகும். பேஸ் கிளாஸ்ல பக் விட்ட கதைதான்.

சாதாரண செயின் குறுக்கே வெட்டுறதுக்கு, பல்லு சுமார் 30 டிகிரியில தீட்டியிருக்கும். நெடுக்க அறுக்கறதுக்கு அதை 10 டிகிரி பக்கம் தீட்டினா வெட்டு வழவழப்பா வரும். சின்ன செயின்சா இதுக்குத் தாங்காது, சூடாகி உட்கார்ந்துடும். 60 சிசிக்கு மேல இருக்கட்டும். ஊர்ல மரம் வெட்டுற அண்ணன் ஒருத்தர் செயின்சாவோட வந்தார், நான் ஆப்பு அடிக்கிற வேலை. வெட்டின இடுக்குல பின்னாடியே ஆப்பு வைக்கலைன்னா மேல் பலகை அமுங்கி பாரைக் கவ்விடும். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் எல்லாம் கட்டாயம். குனிஞ்சே வேலை செய்யறதால புகை நேரா மூஞ்சியில அடிக்கும். வேப்பந்தூளோட கசப்பு ரெண்டு நாள் தொண்டையிலயே இருந்துச்சு.

நஷ்டமும் இருக்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் மரம் தூளாப் போகுது. நாலு வெட்டுக்கு ஒரு இன்ச் பலகையே காலி. பேண்ட் ரம்பத்துல 2, 3 மில்லிமீட்டர்தான் போகும். மில்லுக்குக் கொண்டு போக முடிஞ்சா தாராளமா அங்கேயே போங்க.

மூணாவது வெட்டுல கிரீச்னு ஒரு சத்தம், பொறி பறந்துச்சு. ஆணி! செயின் பல்லு அத்தனையும் மழுங்கிப் போச்சு. திண்ணையில இருந்து அப்பத்தா எட்டிப் பார்த்துட்டு, "கொடி கட்ட உங்க தாத்தா அடிச்சதுடா"ன்னுச்சு. மில்காரர் சொன்னது சரிதான்.

மொத்தம் ஆறு பலகை வந்துச்சு, உள்ள செவப்பா வைரம் பாய்ஞ்சு. அறுத்த அன்னைக்கே ரெண்டு முனையிலயும் பெயிண்ட் அடிச்சிடணும். ஈரம் முனை வழியாத்தான் வேகமா போகும், வெடிப்பும் அங்கதான் ஆரம்பிக்கும். அப்புறம் நிழல்ல, ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல ரெண்டு அடிக்கு ஒரு ரீப்பர் வச்சு அடுக்கணும். மேல ரீப்பருக்கு நேர் கீழ ரீப்பர் வரணும், இல்லைன்னா பலகை வளையும். நான் அஞ்சு பலகைக்குத்தான் பெயிண்ட் அடிச்சேன். இருட்டிடுச்சு, ஆறாவதை மறுநாள் பார்த்துக்கலாம்னு விட்டேன். மறுநாள் பெங்களூர் பஸ். மரத்தோட நடு மையம் வந்த பலகை வேற அது. ஒரே மாசத்துல விரல் போற அளவுக்குப் பிளந்துடுச்சு.

மத்த அஞ்சும் மாட்டுக்கொட்டகையில காயுது. ஊஞ்சல் பலகை வேணும்னு அப்பத்தா சொல்லியிருக்கு. போன மாசம் ஆசாரி வந்து ஒண்ணைத் தூக்கிப் பார்த்தார், நகத்தால கீறிப் பார்த்தார். "இன்னும் கனமா இருக்கு தம்பி. தை முடியட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.