லடாக்கின் வசந்தம்: சாலைக்கு நல்லது, வயலுக்கு?

மார்ச் பாதியைத் தாண்டினால் ஸோஜிலா கணவாய் எப்போது திறக்கும் என்பதுதான் வடக்கே பெரிய செய்தி. ஸ்ரீநகரையும் லேயையும் இணைக்கும் சாலை அது. 2021-ல் 110 நாள் மூடிக்கிடந்தது. 2023-ல் அது 68 நாளானது, 2024-ல் 35, 2025-ல் 32. ஆண்டுக்கு ஆண்டு சாதனை என்றே நாளிதழ்கள் எழுதுகின்றன. பனியை அகற்றிச் சாலையைத் திறக்கும் எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் பனிச்சரிவுகளுக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்பவர்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனாலும் 2024 கணக்கில் வானத்துக்கும் பங்கு உண்டு. அந்த ஜனவரியில் காஷ்மீரிலும் லடாக்கிலும் பனி பெயருக்குத்தான் விழுந்தது. குல்மார்க்கின் பனிச்சறுக்கு மேடுகள் பழுப்பு மண்ணாகக் கிடந்த படங்கள் நாடெங்கும் சுற்றின. லாரிக்காரருக்கு அது நல்ல காலம். வாற்கோதுமை விதைக்கத் தண்ணீரை எதிர்பார்த்திருந்த லடாக் விவசாயிக்கு வயிற்றைக் கலக்கிய காலம்.

லடாக்கின் வசந்தகால வானிலை அறிக்கையில் இந்தச் சிக்கல் எப்போதும் இருக்கிறது. ஒருவருக்கு நல்ல நாள் இன்னொருவருக்குக் கெட்ட நாள்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து பத்து சென்டிமீட்டரை ஒட்டித்தான் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர். லேவாசிக்கு அது ஏறக்குறைய ஐந்து வருடத்து மழை. பருவமழை மேகத்தை இமயமலை தெற்கேயே மறித்துவிடுவதால் லடாக் பாலைவனம். உயரத்தால் குளிர் பாலைவனம். மிச்சமிருக்கும் ஈரம் மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து வரும் காற்றழுத்தக் குலைவுகளை ‘மேற்கத்திய இடையூறு’ என்கிறார்கள். பெயர்தான் இடையூறு, லடாக்குக்குக் குளிர்காலப் பனியைத் தருவது இதுதான். பீர் பஞ்சால், பெரிய இமயமலை என்று ஒவ்வொரு தொடரிலும் சரக்கை இறக்கிக்கொண்டே வருவதால், கார்கில் பக்கத்து திராஸில் ஆள் உயரத்துக்குப் பனி குவியும்போது லேயில் தரை நனைவதோடு சரி.

அதனால் “லடாக்கில் லேசான பனிப்பொழிவு” என்ற ஒற்றை வரியை நம்பி யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. கணிப்புக்கு உதவ லேயில் 2020 டிசம்பரில் வானிலை ஆய்வு மையம் வந்தது. நாட்டிலேயே மிக உயரத்தில் இருக்கும் வானிலை மையம் இது. 2022 ஜனவரியில் டாப்ளர் ரேடார் வந்தது. அதே நாளில் சென்னைக்கும் ஒரு ரேடார் கிடைத்தது. சென்னை ரேடாருக்கு முன்னால் திறந்த கடல். லே ரேடாருக்கு முன்னால் மலைச்சுவர். கதிர் எந்தத் தொடரில் முட்டுகிறதோ அதற்குப் பின்னால் நடப்பது ரேடாரின் கண்ணுக்குத் தெரியாது. அங்கே செயற்கைக்கோள் படமும் முன்னனுபவமும்தான் கைகொடுக்கும்.

விவசாயிக்கு எவ்வளவு பனி விழுந்தது என்பது பாதிக் கேள்விதான். அது எப்போது உருகும் என்பது மீதிப் பாதி. ஏப்ரலில் லேயில் பகலில் பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும். இரவில் பூஜ்யத்தைத் தொடும். விதைப்புக்குத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். ஐயாயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் பனியாறுகளோ ஜூனில்தான் தாராளமாக உருகத் தொடங்கும். இடைப்பட்ட அந்தச் சில வாரங்கள்தான் லடாக்கின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலம். வெயில் காலம் முழுக்க ஒரே விளைச்சல். விதைப்பு பிந்தினால் கதிர் முற்றுவதற்குள் குளிர் திரும்பி வந்துவிடும்.

இதைச் சமாளிக்க அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் வழிகள் எந்த ரேடாருக்கும் முந்தியவை. ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கில் பனி விழுமுன்பே மண்ணை வாரி வீட்டுக்குள் சேர்த்து வைப்பார்கள். வசந்தம் தொடங்கும்போது வயலை மூடிக் கிடக்கும் பனிமேல் அந்த மண்ணைத் தூவுவார்கள். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுத்த மண் அதை வாங்கிக்கொள்ளும். அதனால் நாள்கணக்கில் முன்னதாகவே வயல் வெளியே வந்துவிடும். இரவில் வரும் ஓடைநீரை ‘ஸிங்’ என்ற சிறு குளத்தில் தேக்கி, பகலில் முறைவைத்துத் திறந்துவிடுவார்கள். யாருக்கு எப்போது மடை என்று பார்த்துக்கொள்ள ‘சுர்போன்’ என்று ஒருவர் உண்டு. நம் ஊர் நீர்க்கட்டியார் வேலைதான்.

கட்டடப் பொறியாளரான செவாங் நோர்பெல் தண்ணீரைத் தேக்கும் இந்த வேலையையே பெரிதாகச் செய்தார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் தண்ணீரைக் கிராமத்துக்கு அருகிலேயே, தாழ்வான நிழல் பகுதியில் மெல்ல ஓடவிட்டு உறையவைத்தார். தாழ்வாக இருப்பதால் அந்தப் பனி இயற்கைப் பனியாற்றுக்கு முந்தி, தேவையான வேளையில் உருகும். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சோனம் வாங்சுக் உருவாக்கிய பனி ஸ்தூபி அடுத்த கட்டம். மேட்டிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே மேலே பீறிட்டு, கடுங்குளிரில் கூம்பாக உறையும். கூம்புக்கு வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் தட்டையான பனியைவிட அது நாள்பட நிற்கும். இரண்டும் அருமையான வேலைகள். ஆனால் குளிர்காலத்தில் ஓடையில் ஓட்டமும் இரவில் உறைகுளிரும் இருந்தால்தான் இரண்டும் எடுபடும். குளிர்காலமே சூடாகிப்போனால் எந்தப் பொறியியலும் பனியை உண்டாக்காது.

பாதாமி (ஆப்ரிகாட்) தோட்டக்காரருக்கு வேறு கவலை. ஏப்ரல் முதல் பாதியில் துர்துக், தா, ஹனு போன்ற தாழ்வான பள்ளத்தாக்குகளில் மரங்கள் பூத்துவிடும். லே பக்கம் கொஞ்சம் பிந்தும். படம் எடுக்கக் கூட்டம் அலைமோதும் அந்த நாட்களில்தான் மரத்துக்கு ஆபத்து அதிகம். பூத்திருக்கும்போது ஒரே ஓர் உறைபனி இரவு வந்தால் போதும், பிஞ்சு பிடிக்காது. மார்ச் முன்கூட்டியே சூடானால் பூவும் முந்திக்கொண்டு மாட்டிக்கொள்ளும்.

சாலைக்கு வருவோம். வெயில் ஏறினால் பனி நெகிழ்ந்து சரியும் என்பதால் வசந்தத்தில் கணவாய்களைக் காலையிலேயே கடப்பது நல்லது. பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் தனியாக வெளியிடுகிறது. வெயிலடிக்கும் நாளென்றால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. புதுப் பனி விழுந்த மறுநாள் பளிச்சென்று வெயில் வந்தால் அதுதான் பயப்பட வேண்டிய நாள்.

நம்மில் பலர் மே விடுமுறைக்கு லடாக் கிளம்புகிறோம். கைப்பேசியில் காட்டும் வெப்பநிலை லே நகரத்துக்கானது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் ஆறரை டிகிரி குறையும்; 5,300 மீட்டரைத் தாண்டிய கர்துங்லா கணவாயில் லேயைவிடப் பன்னிரண்டு டிகிரி குளிர் கூடுதல், காற்று தனி. மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கில் பலமாகக் காற்று வீசுவதால் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் வந்துபோகும். குளிரும் மேகமும் மட்டும் விமானத்தை நிறுத்துவதில்லை. 2024 ஜூலைக் கடைசியில் லேயில் அடித்த கடும் வெயிலில் காற்று லேசாகி, மேலெழும்ப முடியாமல் சில நாட்கள் பல விமானங்கள் ரத்தாயின. ஆகவே திரும்பும் பயணச்சீட்டுக்கு முன்னால் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லே வானிலை மையத்தின் அறிக்கையைத் தினமும் காலையில் பாருங்கள். தங்கும் விடுதியில் வாளித் தண்ணீர்தான் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் போய் இறங்கும் மே மாதம்தான் அந்த ஊர் வயல்களுக்கும் தண்ணீர் தேவைப்படும் மாதம்.