கல்லும் கயிறும்

கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சதை போகச் சுத்தம்செய்து, சில நாள் வினிகரில் ஊறப் போடுங்கள். வெளியே எடுத்தால் கையில் வளையும். கால்சியம் உப்புகளை அமிலம் கரைத்துவிட்டது. எஞ்சியிருப்பது கொலாஜன் என்ற புரதம். இன்னொரு எலும்பைத் தணலில் நெடுநேரம் சுட்டால் நேர்மாறு. புரதம் எரிந்து உப்பு மட்டும் நிற்கும். உருவம் மாறாது, அழுத்தினால் பொடியாகும்.

காய்ந்த எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உப்பு. அதனால்தானோ என்னவோ, எலும்பு என்றதும் கால்சியத்தை மட்டுமே பேசுகிறோம். கொலாஜனுக்கு உரிய மதிப்பை நாம் தருவதில்லை என்பது என் எண்ணம். அதன் அமைப்பை வெளிக்கொண்டு வந்த இடம் சென்னை என்பதற்காகவாவது தர வேண்டும்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்தார். மூன்று புரதச் சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட முப்புரிச் சுருள்தான் கொலாஜன் என்று 1954இல் ‘நேச்சர்’ இதழில் இருவரும் எழுதினர். அடுத்த ஆண்டே அந்த வடிவத்தை மேலும் திருத்தினர். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கிறது. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். முறுக்கின் நடுவே உள்ள இடுக்கில் வேறெதுவும் அடங்காது. மரபணுப் பிழையால் ஒரு கிளைசின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தாலே போதும், லேசாக விழுந்தால்கூட எலும்பு முறியும் நோயோடு ஒரு குழந்தை பிறக்கலாம்.

இந்தப் புரிகள் திரண்டு இழைகளாகின்றன. இழைகளுக்கு உள்ளும் இடையிலும் உப்புப் படிகங்கள் அமர்கின்றன. இழைகள் சேர்ந்து சில மைக்ரான் தடிமனுள்ள தகடாகின்றன. ஒரு தகட்டில் இழைகள் ஓடும் திசை அடுத்த தகட்டில் மாறிவிடும். பிளைவுட் பலகையில் அடுக்குகளை மாற்றி மாற்றி ஒட்டுவதும் இதற்காகத்தான், விரிசல் ஒரே போக்கில் ஓடிவிடக் கூடாது. தகடுகள் வட்டவட்டமாகச் சுற்றி, ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள தூண்களாகின்றன. தூணின் நடுவே ரத்தக் குழாய் செல்லும் கால்வாய் உண்டு. 1691இல் எலும்புகளைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

தகடுகளுக்கு இடையிலுள்ள குழிகளில் செல்கள் உயிரோடு வாழ்கின்றன. நுண்ணிய கால்வாய்கள் வழியே கைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எலும்பின் மேல் விழும் பளுவை உணர்பவை இவையே. எங்கே கரைக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்ற தகவல் இவற்றிடமிருந்து போகிறது. கரைக்கும் செல்கள் சில வாரங்களில் ஒரு பள்ளம் தோண்டும். அதைக் கட்டும் செல்கள் நிரப்பி முடிக்கச் சில மாதங்கள் பிடிக்கும். வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதிதாகிறது.

பளு என்றால் உடல் எடை மட்டுமல்ல. எலும்பின் மேல் விழும் பெரிய விசைகள் தசைகளின் இழுப்பிலிருந்து வருபவை. தசை சுருங்கும் விதம் விளங்கியதும் அதே 1954இல், அதே ‘நேச்சர்’ இதழில்தான். ஹியூ ஹக்ஸ்லி – ஜீன் ஹான்சன் ஒரு கட்டுரை, ஆண்ட்ரூ ஹக்ஸ்லி – ரால்ஃப் நீடர்கெர்கே இன்னொன்று. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். தசை நாருக்குள் இரண்டு மைக்ரானுக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் கண்ணிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தடித்த மையோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் உண்டு. சுருங்கும்போது எந்த இழையும் குட்டையாவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகிறது, அவ்வளவுதான். மையோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுத்து விடுகின்றன. பிடியை விடுவதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்தபின் அது தீர்ந்துபோவதால்தான் உடல் விறைக்கிறது.

பற்றி இழுக்கத் தூண்டுவது கால்சியம். உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருப்பு. ரத்தத்தில் அளவு குறைந்தால் எலும்பைக் கரைத்தாவது உடல் அதை ஈடுகட்டும். இழுப்பை எலும்பிடம் கொண்டு சேர்க்கும் தசைநாணோ கொலாஜனால் ஆனது. அதன் இழைகள் எலும்புக்குள்ளேயே புகுந்து பதிந்திருக்கின்றன.

இழுப்பும் எடையும் ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதை விண்வெளி வீரர்களிடம் பார்க்கலாம். விண்வெளி நிலையத்தில் மாதங்கணக்கில் தங்கியவர்கள் இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை இழந்திருக்கிறார்கள். மாத்திரையில் கால்சியம் கொடுத்தால் மட்டும் அது நிற்பதில்லை. எடையற்ற அந்த வெளியில் அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் போல, எதிர்விசை தரும் கருவிகளோடு மல்லுக்கட்டித் தசைகளை எலும்பின்மேல் இழுக்க வைக்கிறார்கள்.