கால் வளர்த்த கால் சுற்று

மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். கடற்கரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல நின்று படமும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது இன்னொன்றும் செய்து பாருங்கள். அலை வந்து திரும்பிய ஈர மணலில் சிறிது தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். உங்கள் நடை அங்கே அப்படியே எழுதப்பட்டிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த மணலில் நான் பார்த்த காலடிச் சுவடு ஒன்றை இன்னும் மறக்கவில்லை. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவரின் மகனுடைய சுவடு அது. பையன் அப்போது ஏழாம் வகுப்பு. இரண்டு குடும்பங்களும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் போயிருந்தோம். அவனுடைய வலது காலின் சுவடு குதிகால் முதல் விரல் வரை முழுமையாகப் பதிந்திருந்தது. இடது காலுக்கோ முன்பாதமும் விரல்களும் மட்டுமே பதிந்திருந்தன. குதிகால் மணலைத் தொடவே இல்லை. ஏனெனில் அவனுடைய இடது கால் 5 செ.மீ. குட்டை. நான் பார்ப்பதைக் கவனித்த பையன், ஒன்றும் பேசாமல் தன் சுவடுகளைக் காலாலேயே கலைத்துவிட்டான்.

அந்த 5 செ.மீ. எப்படி மீட்கப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கால் ஏன் குட்டையாயிற்று?

நம் கைகால்களின் நீண்ட எலும்புகள் உடல் முழுவதும் ஒரே சீராக நீள்வதில்லை. அவற்றின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. இதனை வளர்தட்டு எனலாம். எலும்பு நீள்வது இந்த இடத்தில்தான். காலின் மொத்த வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முழங்காலை ஒட்டிய இரண்டு வளர்தட்டுகளிலேயே நடைபெறுகிறது. முழங்காலுக்குக் கீழேயுள்ள வளர்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. எலும்பை உண்டாக்குகிறது.

நம் பையனுக்கு மூன்று வயதில் எலும்பில் சீழ் பிடித்தது. நோய் குணமாயிற்று. ஆனால் முழங்காலுக்குக் கீழேயுள்ள வளர்தட்டு பழுதாகிவிட்டது. கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 6 மி.மீ. வீதம் ஒன்பது ஆண்டுகள். ஏறத்தாழ 5 செ.மீ. வருகிறதல்லவா? அது வலது கால் வளர்ந்து இடது கால் வளராமல் போன நீளம்.

வளர்தட்டின் வழியாக எலும்பு முறிந்தாலும் இப்படி நேரலாம். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கால் குட்டையாக இருக்கும். முன்பு போலியோவும் பெரிய காரணமாக இருந்தது. 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது.

2 செ.மீ. வரை வித்தியாசம் என்றால் காலணிக்குள் ஒரு தகடு வைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் சிறிது போனால், உரிய வயதில் நீளமான காலின் வளர்தட்டை நிறுத்தி, இரு கால்களையும் சமமாக்குவதுண்டு. 5 செ.மீ. அளவுக்கு வந்துவிட்டால், குட்டைக் காலை நீட்டுவது பற்றி மருத்துவர்கள் சிந்திக்கிறார்கள்.

இழுத்தால் நீளுமா?

எலும்பு ரப்பர் அல்ல, இழுத்தால் நீளாது. எனவே முதலில் அதை வெட்டத்தான் வேண்டும். 1905ஆம் ஆண்டில் இத்தாலியின் போலோன்யா நகர மருத்துவர் அலெசாண்ட்ரோ கோடிவில்லா இதைச் செய்து காட்டினார். எலும்பை வெட்டி, குதிகாலில் ஊசி செருகி, பலமாக இழுத்தார். கால் நீண்டது. ஆனால் திடீரென்று இழுக்கும்போது தசைக்கும் நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் ஆபத்து நேர்ந்தது. எவ்வளவு இழுப்பது என்ற கேள்விக்கு விடை இருந்தது. எவ்வளவு மெதுவாக இழுப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

சைபீரியாவின் வளையம்

அந்த விடை மேற்கு சைபீரியாவிலுள்ள குர்கான் என்ற நகரிலிருந்து வந்தது. கவ்ரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் 1944இல் படிப்பை முடித்து அந்த மாநிலத்துக் கிராமம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். போரில் கைகால் எலும்பு முறிந்தவர்கள் ஏராளமாக இருந்த காலம் அது. முறிந்த எலும்பை அசையாமல் பிடித்து வைக்க, 1950களின் தொடக்கத்தில் அவர் ஒரு கருவியை அமைத்தார்.

மிதிவண்டிச் சக்கரத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள குடத்தை மெல்லிய ஆரக்கம்பிகள் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடிப்பதால் அது அசைவதில்லை. இலிசாரோவின் கருவியில் குடத்தின் இடத்தில் எலும்பு இருக்கிறது. காலைச் சுற்றி உலோக வளையம் இருக்கிறது. 1.5 அல்லது 1.8 மி.மீ. தடிமனுள்ள கம்பிகள் எலும்பின் குறுக்கே சென்று வளையத்தில் முறுக்கிக் கட்டப்படுகின்றன. தொடக்கத்தில் இலிசாரோவ் உண்மையான மிதிவண்டிக் கம்பிகளையே பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். வெட்டுக்கு மேலே ஒரு தொகுதி வளையங்கள், கீழே ஒரு தொகுதி. இரண்டையும் மரையுள்ள தண்டுகள் இணைக்கும்.

முறிந்த எலும்பின் இரு முனைகளையும் நெருக்கிப் பிடிக்கவே அவர் கருவியைச் செய்தார். ஆனால் ஒரு நோயாளி நட்டுகளைத் தவறான திசையில் திருகிவிட்டாராம். முனைகள் நெருங்காமல் விலகின. அந்த இடைவெளியில் புதிய எலும்பு உருவாகியிருப்பதை எக்ஸ்ரே படத்தில் கண்டு இலிசாரோவ் வியந்தார் என்பது இன்றும் சொல்லப்படும் வரலாறு.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமேல், அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல அறுவைகள் பயனளிக்காத நிலையில் இலிசாரோவிடம் வந்தார்; குணமடைந்து மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மௌரி 1980இல் குர்கான் சென்று கால் குணமாகித் திரும்பிய பிறகே மேற்கு நாடுகள் இந்த முறையை அறிந்தன. இத்தாலியில் இலிசாரோவை எலும்பு மருத்துவத்தின் மைக்கேலாஞ்சலோ என்று புகழ்ந்தார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். மாமல்லபுரத்துச் சிற்பியானாலும் மைக்கேலாஞ்சலோவானாலும் கல்லைக் குறைத்துத்தான் உருவம் காண முடியும். கூட்ட முடியாது. உயிருள்ள எலும்போ கூடுகிறது!

இருநூறு கால் சுற்றுகள்

நம் பையனுக்குச் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பை வெட்டி, வளையங்களைப் பொருத்தினார்கள். ஆனால் உடனே இழுக்கவில்லை. ஒரு வாரம் சும்மா விட்டார்கள். வெட்டிய இடத்தில் இரத்தம் உறைந்து, ஆறும் வேலை தொடங்க அந்த அவகாசம் தேவை.

பிறகு வீட்டிலேயே திருகும் வேலை ஆரம்பமாயிற்று. தண்டிலுள்ள மரையின் புரியிடைத் தூரம் 1 மி.மீ. நட்டை ஒரு முழுச் சுற்று திருகினால் வளையங்கள் 1 மி.மீ. விலகும். ஒரு நாளைக்கு அந்த ஒரு சுற்றுதான். அதையும் ஒரே தடவையில் செய்யக்கூடாது. காலை, பகல், மாலை, இரவு என நான்கு முறை, முறைக்குக் கால் சுற்று, அதாவது 0.25 மி.மீ. தமிழில் காலுக்கும் கால் என்று பெயர், நாலில் ஒன்றுக்கும் கால் என்று பெயர். காலுக்குக் கால் சுற்று என்று சொல்லிப் பையன் சிரிப்பான். 5 செ.மீ. நீள 50 நாள். ஒவ்வொரு தண்டிலும் 200 கால் சுற்றுகள். கடைச் சுவரில் மாட்டியிருந்த 10 மி.மீ. ஸ்பானர் போலவே ஒன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது. பையனின் தந்தைக்கு அதைப் பிடிக்கக் கற்றுத்தரத் தேவையிருக்கவில்லை.

பாக்கியை ஒரே நாளில் தீர்க்கலாமா?

மூன்றாவது வாரத்தில் பையனுக்கு இரவெல்லாம் வலி. தசைகள் இழுபட்டு இறுகியிருந்தன. பாட்டி மனம் பொறுக்காமல், "குழந்தையைக் கொல்லாதீங்கடா" என்று ஸ்பானரை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். இரண்டு நாள் திருகவில்லை. மூன்றாம் நாள் காலை தந்தை என் வீட்டு வாசலில் நின்றார்.

"சார், கணக்குப்படி எட்டுக் கால் சுற்று பாக்கி இருக்கு. இன்னைக்கே சேர்த்துத் திருகிட்டா சரியாப் போயிடுமா?"

கணிதத்தில் அது சரிதான். எட்டுக் கால் என்றால் இரண்டு. ஆனால் உயிருள்ள திசுவுக்குக் கூட்டுத்தொகை மட்டும் போதாது, வேகமும் முக்கியம். கயிறு திரிப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? நார் சேரும் வேகத்திற்கு ஏற்ப அவர் பின்னோக்கி நடப்பார். விரைந்து நடந்தால் இழை மெலிந்து அறும். நின்றுவிட்டால் அங்கேயே முடிச்சு விழும். எலும்பும் இப்படித்தான். இலிசாரோவ் நாய்களின் காலெலும்பில் சோதித்து 1989இல் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். நாளைக்கு அரை மி.மீ. இழுத்தபோது எலும்பு முன்கூட்டியே ஒட்டி இறுகிவிட்டது. 2 மி.மீ. இழுத்தபோது புதிய எலும்பு சரியாக உருவாகவில்லை; சுற்றியுள்ள திசுக்களும் கெட்டன. 1 மி.மீ. இழுத்தபோது நல்ல பலன் கிடைத்தது. அதிலும், அதே 1 மி.மீட்டரை மேலும் சிறு சிறு பங்குகளாகப் பிரித்தபோது பலன் இன்னும் நன்றாக இருந்தது.

"நீங்களாகத் திருகாதீங்க, முதலில் டாக்டரைக் கேளுங்க" என்றேன். அன்றே பையனைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். எக்ஸ்ரே படத்தில் இடைவெளி இன்னும் இளகிய நிலையில்தான் இருந்தது. இன்னும் பல நாள் விட்டிருந்தால் எலும்பு இறுகி, மறுபடியும் வெட்ட நேர்ந்திருக்கும். பழைய பாக்கியை மறந்துவிட்டு வழக்கம்போல நாளைக்கு நான்கு கால் சுற்று திருகச் சொன்னார் மருத்துவர். வலிக்கு மருந்தும் தந்தார். 50 நாள் 52 ஆயிற்று, அவ்வளவே. அதன்பின் பாட்டியே வேளை தவறாமல் ஸ்பானரை எடுத்துக் கொடுக்கலானார்.

நடந்தால்தான் எலும்பு

நீட்டி முடித்த உடனே வளையங்களைக் கழற்ற முடியாது. புதிய எலும்பு முதலில் நார்க் கற்றையாக இருக்கும். நார்கள் இழுவிசையின் திசையிலேயே அணிவகுக்கும். இரு முனைகளிலிருந்தும் சுண்ணாம்புச் சத்து படிந்து, நடுவில் வந்து சேர வேண்டும். மொத்தத்தில் ஒரு செ.மீட்டருக்கு ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதம் ஆகும். பையன் ஆறு மாதத்திற்கு மேல் வளையங்களோடு இருந்தான்.

அப்படியானால் படுத்தே கிடந்தானா? இல்லை! கோலூன்றி நடக்கச் சொன்னார்கள். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதை 1892இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் விளக்கியிருந்தார். சுமை இல்லாவிட்டால் எலும்பு கரையும். எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்கில் தங்குவோரின் இடுப்பு எலும்பில் மாதந்தோறும் ஏறத்தாழ 1 சதவீதம் தாதுச் செறிவு குறைகிறது. 1957இல் ஜப்பானிய அறிஞர்கள் ஃபுகாடாவும் யசுதாவும், உலர்ந்த எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார்கள். உயிருள்ள எலும்பிலோ, சுமை விழும்போது நுண்ணிய கால்வாய்களில் திரவம் அசைவதை எலும்புச் செல்கள் உணர்கின்றன என்று இன்று அறிகிறோம். அடியெடுத்து வைப்பது எலும்புக்கு அனுப்பும் ஒரு செய்தி!

எலும்பு நீளும் அளவுக்குத் தசையும் நீள வேண்டும். நீளாவிட்டால் பாதம் கீழ்நோக்கி வளைந்து இறுகிவிடும். எனவே நாள்தோறும் முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சி. முன்பாதத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க ரப்பர் பட்டை. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டித் தந்தை செய்த பட்டையைப் பார்த்துப் பிசியோதெரபி நிபுணர் தலையசைத்தார். கம்பி தோலில் நுழையும் இடங்களைத் தாய் அன்றாடம் சுத்தம் செய்தார். அங்கே சிவந்தாலும் சீழ் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பள்ளியும் உதவியது. அவன் வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்திற்கு மாற்றினார்கள். முதல் நாள் வளையங்களை வெறித்துப் பார்த்த நண்பர்கள், இரண்டாம் வாரத்தில் அவன் பையைச் சுமக்க முறை வைத்துக்கொண்டார்கள். உங்கள் வகுப்பில் இப்படி ஒருவர் இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு வலியும் ஆபத்தும் உள்ள சிகிச்சை இது. உயரம் போதவில்லை என்ற வெறும் ஆசைக்காக நாடத் தக்கதன்று.

மீண்டும் ஈர மணலில்

வளையங்களைக் கழற்றிச் சில மாதங்கள் கழித்து, அதே பேருந்தில் மறுபடியும் மாமல்லபுரம் போனோம். பையனின் கால் மெலிந்திருந்தது. கம்பி நுழைந்த இடங்களில் வடுக்கள் தெரிந்தன. அவனுக்கு வளரும் வயது இன்னும் மீதமிருக்கிறது. வலது கால் மறுபடியும் சிறிது முந்தலாம். ஆண்டுதோறும் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அலை பின்வாங்கிய ஈர மணலில் பையன் மெதுவாக நடந்தான். பின்னர் திரும்பிப் பார்த்தான். வலது சுவட்டில் குதிகால் இருந்தது. இடது சுவட்டிலும், வலதைவிடச் சற்று ஆழம் குறைவாக, குதிகால் பதிந்திருந்தது.

இம்முறை அவன் அதைக் கலைக்கவில்லை. அலைதான் வந்து கலைத்தது.

செய்து பாருங்கள்: 6 மி.மீ. போல்ட் ஒன்றையும் அதற்குரிய நட்டையும் வாங்குங்கள். நட்டின் ஒரு முனையில் மையால் புள்ளி வையுங்கள். பத்து முழுச் சுற்று திருகி, நட்டு நகர்ந்த தூரத்தை அளவுகோலால் அளந்து பத்தால் வகுங்கள். புரியிடைத் தூரம் கிடைக்கும். பிறகு கால் சுற்று மட்டும் திருகிப் பாருங்கள். நட்டு நகர்ந்தது கண்ணுக்குத் தெரிகிறதா?