ரோம் நகரில் வழிகாட்டி எங்கே வேண்டும்?

பள்ளி விடுமுறையில் ஐரோப்பா செல்லத் திட்டமிடும் குடும்பங்களில், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடுவது உண்டு. சுற்றுலாக் குழுவோடு சென்றால் கவலையில்லை என்பார் அப்பா. சிறு கொடியைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பவரின் பின்னால் ஓடுவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பார்கள் பிள்ளைகள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும், போகும் நகரம் எது என்று தெரியாமல் இந்த வாதத்தைத் தீர்க்க இயலாது. இத்தாலியின் தலைநகரான ரோமை எடுத்துக்கொண்டால், ஒரே தெருவின் இரு முனைகளில் இக்கேள்விக்கு இரு வேறு விடைகள் கிடைக்கும்.

இந்த விவாதம் புதியதன்று. 1841ஆம் ஆண்டு ஜூலை மாதம், தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 500 பேரை ரயிலில் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு அழைத்துச் சென்றார். மது விலக்குக் கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ளவே அவர்கள் சென்றனர். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தச் சிறிய பயணத்திலிருந்து வளர்ந்த அவருடைய தொழில், 1864இல் இத்தாலிக்கே குழுக்களை அழைத்துச் செல்லும் அளவுக்கு விரிந்தது. அதே காலக்கட்டத்தில், ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பேடெக்கர் நேர் எதிரான ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கூலிக்கு அமர்த்தும் வழிகாட்டிகளை நம்பியிராமல் பயணி தானே ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்காகவே கையடக்கமான பயண நூல்களை வெளியிட்டார். தவறவிடக்கூடாத இடங்களுக்கு அவற்றில் நட்சத்திரக் குறி இடப்பட்டிருக்கும். இன்று திறன்பேசியில் நட்சத்திரங்களைப் பார்த்து உணவகம் தேடுவோர், ஒரு வகையில் பேடெக்கரின் வழியில் நடப்பவர்களே.

ரோமில் வழிகாட்டியின் தேவை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் ஃபோரம் எனப்படும் பழைய பொதுச் சதுக்கம். ரோமப் பேரரசின் அரசியல், வழிபாடு, வாணிகம் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் இங்குதான் நடந்தன. இன்று அங்கே எஞ்சியிருப்பவை உடைந்த தூண்கள், பாதிச் சுவர்கள், வெயில் காயும் கற்பாதை ஆகியவைதாம். விளக்கப் பலகைகளும் போதுமான அளவில் இல்லை. கோடைக்காலத்தில் நிழல் தேடியபடி நடக்கும் ஒருவர், ஒரு தாழ்வான கூரையின் கீழே இருக்கும் மண்மேட்டைக் கடந்து போய்விடக்கூடும். கி.மு. 44இல் கொலையுண்ட ஜூலியஸ் சீசரின் உடல் எரியூட்டப்பட்ட இடத்தில் எழுப்பப்பட்ட கோயிலின் எச்சம் அது. இன்றும் அங்கே யாரோ மலர்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். சொல்ல ஆள் இருந்தால் அந்த மண்மேடு வரலாறாகும். இல்லையென்றால் அது வெறும் மண்தான்.

அருகிலுள்ள கொலோசியத்தின் நிலை சற்று வேறு. அதன் அளவே பார்ப்பவரை நிறுத்திவிடும். கி.பி. 80இல் திறக்கப்பட்ட இந்த அரங்கில் ஏறத்தாழ 50,000 பேர் அமர முடிந்தது என்பதை எந்தக் கையேடும் சொல்லிவிடும். ஆனால், சுவரெங்கும் காணப்படும் ஆயிரக்கணக்கான ஓட்டைகள் எதனால் வந்தன? கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளைப் பிற்கால மக்கள் தோண்டி எடுத்துச் சென்றதன் தழும்புகள் அவை. நுழைவு வளைவுகள் சிலவற்றின் மேல் ரோமானிய எண்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. பார்வையாளர் தம் வாயிலைக் கண்டுபிடிக்க, இன்றைய விளையாட்டரங்கில் இருப்பதைப் போன்ற ஏற்பாடு அன்றே இருந்திருக்கிறது. தரைக்குக் கீழே, விலங்குகளைக் கூண்டோடு மேலே தூக்கிய பொறிகள் இயங்கிய சுரங்க அறைகளும் உண்டு. நல்ல வழிகாட்டி முதலில் கேள்வியைக் கேட்பார். பயணிகள் சுவரைப் பார்த்து யோசித்த பிறகே விடையைச் சொல்வார். ஆண்டுகளையும் அளவுகளையும் மட்டும் ஒப்பிப்பவரைவிட ஒரு கையேடே மேல்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த கூரை ஓவியங்கள் சிஸ்டைன் சிற்றாலயத்தில் உள்ளன. அங்கே படம் எடுக்கவோ உரக்கப் பேசவோ அனுமதியில்லை. ஆகவே, வழிகாட்டிகள் முற்றத்தில் வைக்கப்பட்டுள்ள பெரிய படப் பலகைகளின் முன் குழுவை நிறுத்தி, ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே விளக்கிவிடுகிறார்கள். உள்ளே சென்றதும் பார்ப்பது மட்டுமே வேலை. தனியாகச் செல்வோரும் இதைச் செய்யலாம். முதல் நாள் இரவே அந்த ஓவியங்களைப் பற்றிப் படித்துவிட்டுச் சென்றால், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும்போது எது எங்கே உள்ளது என்று தேட வேண்டியிருக்காது. படிக்காமல் சென்றால், நெரிசலோடு நகர்ந்து வெளியே வந்துவிட நேரும்.

இதுவரை சொன்னவற்றைப் பார்த்தால், வழிகாட்டியே சிறந்தவர் என்று தோன்றலாம். நவோனா சதுக்கத்திற்குப் போனால் அந்த எண்ணம் சற்று ஆட்டம் காணும். அச்சதுக்கத்தின் நடுவே, சிற்பி பெர்னினி உருவாக்கி 1651இல் நிறைவுற்ற நான்கு ஆறுகளின் நீரூற்று இருக்கிறது. அன்று ஐரோப்பியர் அறிந்திருந்த நான்கு கண்டங்களுக்கு நான்கு ஆறுகள் மனித உருவில் அமர்ந்திருக்கின்றன. ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாட்டா, ஆசியாவுக்கு நம் கங்கை. கையில் துடுப்புடன் இருப்பதுதான் கங்கை. நைலின் முகம் துணியால் மூடப்பட்டிருக்கிறது. அந்த ஆறு பிறக்கும் இடத்தை ஐரோப்பியர் அன்று அறிந்திருக்கவில்லை. சொல்லித் தர யாரும் இல்லாவிட்டால், கங்கையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட இந்திய வம்சாவளிக் குடும்பம்கூட, அது கங்கை என்று அறியாமலே திரும்பிவிடும்.

ஆனால், அதே நீரூற்றின் அருகில் வேறொரு கதையும் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. ஆற்றுருவம் ஒன்று கையை உயர்த்தியிருப்பது, எதிரே உள்ள புனித ஆக்னெஸ் தேவாலயம் இடிந்து தன்மேல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தால்தானாம். அத்தேவாலயத்தைக் கட்டியவர்களுள் ஒருவரான போரோமினி, பெர்னினியின் போட்டியாளர். போட்டியாளரைப் பெர்னினி கல்லிலேயே கேலி செய்துவிட்டார் என்று வழிகாட்டி முடிக்கும்போது குழு கைதட்டும். சுவையான கதைதான், ஆனால் உண்மையன்று. நீரூற்று 1651இல் முடிந்துவிட்டது. தேவாலயத்தின் கட்டுமானம் 1652இல்தான் தொடங்கியது. இல்லாத கட்டடத்தைப் பார்த்துச் சிலை எப்படி அஞ்சும்? குழுவோடு செல்பவருக்குத் தகவல் எளிதாகக் கிடைக்கிறது. அதைச் சரிபார்க்க நேரம் கிடைப்பதில்லை. அடுத்த இடத்திற்குக் கொடி நகர்ந்துவிடும்.

நேரம்தான் தனியாகச் செல்பவரின் பெருஞ்செல்வம். பாந்தியன் என்னும் பழம்பெருங்கோயில், பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 126இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். உச்சியில் திறந்தபடி இருக்கும் வட்டத் துளையிலிருந்து ஒளிக்கற்றை ஒன்று உள்ளே விழுந்து, வெயில் நகர நகரச் சுவரில் மெதுவாக ஊர்ந்து செல்லும். மழை பெய்தால் நீர் நேராக உள்ளே கொட்டும்; அது வடிவதற்குத் தரையில் சிறு துளைகள் உள்ளன. குழுவுக்கு இங்கே ஒதுக்கப்படும் சில நிமிடங்களில் ஒளி நகர்வதைக் காண இயலாது. ஓர் ஓரமாக அரை மணி நேரம் நிற்பவருக்கே அது தெரியும்.

தெருக்களும் அப்படித்தான். ரோமில் ஏறத்தாழ 2,500 குடிநீர்க் குழாய்த் தூண்கள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைந்த குழாய் மூக்கைப்போல் இருப்பதால், மக்கள் அவற்றைப் ‘பெரிய மூக்கு’ என்னும் பொருளில் நசோனி என்று அழைக்கிறார்கள். குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளை வழியாக நீர் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். உள்ளூர்ச் சிறுவர்களைப் பார்த்தே இதைக் கற்றுக்கொண்டுவிடலாம். காப்பிக் கடையில் மேசையில் அமர்ந்து குடித்தால் ஒரு விலை, உள்ளூர் மக்களைப்போல் முகப்பில் நின்று குடித்தால் அதைவிடக் குறைந்த விலை. டெஸ்டாச்சியோ வட்டாரத்தில் 30 மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு குன்று இருக்கிறது. பழங்காலத்தில் எண்ணெய் வந்திறங்கிய மண்சாடிகளின் உடைந்த ஓடுகளைக் கொட்டிக் கொட்டியே அது உருவானது. அதன் அருகேயுள்ள கல்லறைத் தோட்டத்தில், 1821இல் ரோமில் மறைந்த ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ், தம் பெயர் பொறிக்கப்படாத கல்லின் கீழ் உறங்குகிறார். மூன்றே நாள் ரோமில் தங்கும் குழுக்களின் பட்டியலில் இவை இடம்பெறுவது அரிது.

தனியாகச் செல்வதற்கு விலையும் உண்டு. அதைப் பணத்தால் அல்லாமல் முன்தயாரிப்பால் கொடுக்க வேண்டும். கொலோசியத்தின் நுழைவுச்சீட்டில் பார்வையாளரின் பெயர் அச்சிடப்படுகிறது. வாயிலில் அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். குறித்த நேரத்தைத் தவறவிட்டால் சிக்கல்தான். போர்கேசே கலைக்கூடத்தில் முன்பதிவு கட்டாயம். உள்ளே இருக்க இரண்டு மணி நேரமே அனுமதி. தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் குழுப் பயணத்தில் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். தனியாகச் செல்லும் குடும்பத்தில் ஒருவர் பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் உட்கார வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பது, பயணக் கையேடுகள் சொல்லாத செய்தி. உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இவ்வேலையைப் பகிர்ந்துகொள்ள ஒரு நல்ல காரணம் உண்டு. இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கொலோசியமும் இதில் அடங்கும். வத்திக்கான் தனி நாடாகையால் அங்கே இச்சலுகை செல்லாது.

சில இடங்களில் தேர்வுக்கே வழியில்லை. ஆதி கிறிஸ்தவர்கள் இறந்தோரை அடக்கம் செய்த நிலத்தடிச் சுரங்கங்களுள் மிகவும் புகழ்பெற்ற புனித கலிஸ்டஸ் சுரங்கத்திற்குள் வழிகாட்டியின்றிச் செல்ல முடியாது. கிளை கிளையாகப் பிரியும் இருட்டுப் பாதையில் தனியே போவதை யாரும் விரும்பவும் மாட்டார்கள். புனித பேதுரு பேராலயத்தின் அடியில் உள்ள பழைய கல்லறைகளுக்கும் இதே விதி. அங்கே ஒரு நாளில் சிலநூறு பேருக்கு மட்டுமே இடம் என்பதால், மாதக்கணக்கில் முன்னதாக விண்ணப்பிப்பது நல்லது.

வழிகாட்டியை அமர்த்துவது என்று முடிவானால், யாரை என்பது அடுத்த கேள்வி. இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டியாகப் பணியாற்ற உரிமம் வேண்டும். கொலோசியத்தின் வெளியே வழிமறித்து, “வரிசையில் நிற்க வேண்டாம், உடனே உள்ளே போகலாம்” என்று சொல்பவர்கள் எல்லாரிடமும் அது இருப்பதில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையை எந்தச் சீட்டாலும் தவிர்க்க முடியாது என்பதை அவர்கள் சொல்வதும் இல்லை. கட்டணம் இல்லை என்று விளம்பரப்படுத்தப்படும் நடைப்பயணங்களில், முடிவில் அன்பளிப்பு எதிர்பார்க்கப்படும். செலவைக் கணக்கிடும்போது இன்னொன்றையும் நினைவில் கொள்ளலாம். பெரிய குழுவில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். தனி வழிகாட்டிகளோ பெரும்பாலும் மணிக்கணக்கில் வாங்குவார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் மூன்று மணி நேரத்திற்குத் தனி வழிகாட்டியை அமர்த்தினால், இரண்டு தொகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நினைத்த அளவுக்கு இருக்காது. பாட்டி மெல்ல நடந்தால் வழிகாட்டியும் மெல்ல நடப்பார்.

ஆகவே, ரோமில் மூன்று நாள் தங்கும் குடும்பம், அப்பாவின் கட்சி, பிள்ளைகளின் கட்சி என்று பிரிந்து நிற்க வேண்டிய தேவை இல்லை. முதல் நாள் காலையில் ஃபோரத்திற்கும் கொலோசியத்திற்கும் ஒரு வழிகாட்டி. வெயில் ஏறுவதற்குள் தொடங்கிவிட்டால் முதியோருக்கு நல்லது. இரண்டாம் நாள் வத்திக்கான். அதற்கு வழிகாட்டியா, முதல் நாள் இரவுப் படிப்பா என்பது குடும்பத்தின் பொறுமையைப் பொறுத்தது. மூன்றாம் நாளில் எந்தக் கொடியும் வேண்டாம். தண்ணீர்ப் புட்டியும் வரைபடமும் போதும். காலையில் பாந்தியன், அங்கிருந்து சில நிமிட நடையில் நவோனா சதுக்கம். துடுப்புடன் இருக்கும் உருவத்தை இம்முறை பிள்ளைகளே பாட்டிக்குக் காட்டலாம்.