76 மடங்கு குட்டி ரயில்

முதலில் ஒரு கணக்கு. அயர்லாந்தில் ஓடும் 201 வகை டீசல் என்ஜினின் எடை 112 டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 76 மடங்கு குறைத்து, அதே பொருள்களால் ஒரு குட்டி என்ஜின் செய்தால் அது எவ்வளவு எடை இருக்கும்?

112 டன்னை 76-ஆல் வகுக்கத்தான் முதலில் தோன்றும். வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை டன் வருகிறது. அதை மேசைமேல் வைத்தால் மேசையே நொறுங்கிவிடும்! கணக்கு எங்கே பிசகியது? நாம் நீளத்தை மட்டுமா குறைத்தோம்? அகலத்தையும் குறைத்தோம், உயரத்தையும் குறைத்தோம். ஆகவே 76-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 255 கிராம் வரும். கிட்டத்தட்ட 21 மீட்டர் நீளமுள்ள நிஜ என்ஜின் 27 சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்கி, ஒரு கையால் தூக்கும்படி ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட குட்டி என்ஜின்களையும் சரக்கு வேகன்களையும் ஆசை ஆசையாகச் சேர்ப்பவர்கள் அயர்லாந்தில் இருக்கிறார்கள். கடையில் வாங்கியதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. நிஜ வண்டியின் புகைப்படங்களைப் பார்த்துக் கைப்பிடிக் கம்பி வைப்பார்கள், பெயர்ப்பலகை ஒட்டுவார்கள், துருவும் கரியும் தீட்டுவார்கள். இந்த வேலையில் இறங்கியவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். உருவத்தைச் சுருக்கிவிடலாம். எடை, உராய்வு, ஒளி, ஒலி இவையெல்லாம் நாம் சொல்லும் அளவுக்குச் சுருங்கித் தருவதில்லை.

அந்த 255 கிராம் என்ஜினையே எடுத்துக்கொள்வோம். அதன் பின்னால் எட்டுப் பத்து வேகன்களைக் கட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று வழுக்கக்கூடும். தண்டவாளத்தை எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்பத்தான் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். நிஜ ரயிலின் அச்சுகள் மிகச் சுலபமாக உருளும், வளைவுகளும் பெரியவை. குட்டி வேகனின் அச்சு அவ்வளவு சுலபமாக உருளாது. மேசைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக வளைவையும் நறுக்கென்று திருப்பியிருப்போம். அதனால் இழுக்கும் வேலை விகிதத்துக்கு மீறிக் கூடிவிடுகிறது. மாதிரி செய்பவர்கள் இதற்காகவே என்ஜினுக்குள் கனமான உலோகக் கட்டையை வைக்கிறார்கள். வெளித்தோற்றம் துல்லியமாக இருக்க வேண்டுமானால் உள்ளே எடையில் துல்லியத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த 201 வகை என்ஜின்கள் கனடாவில் கட்டப்பட்டவை. 1994-இல் முதல் என்ஜின் எப்படி வந்தது தெரியுமா? அன்டோனோவ் என்ற பிரம்மாண்டமான சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் ஏறி, அட்லாண்டிக் கடலைப் பறந்து கடந்தது! என்ஜின்களுக்கு அயர்லாந்தின் ஆறுகளுடைய பெயர்களைச் சூட்டினார்கள்.

இனி தண்டவாளத்துக்கு வருவோம். அயர்லாந்து மாதிரிகளில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

1834-இல் அயர்லாந்தின் முதல் ரயில் பாதை டப்ளினுக்கும் கிங்ஸ்டவுனுக்கும் இடையே திறக்கப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1435 மில்லிமீட்டர் விட்டார்கள். வடக்கே அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம் என்று மிக அகலமாகப் போட்டது. டப்ளின்–டிரொஹெடா பாதைக்காரர்கள் 5 அடி 2 அங்குலம் என்றார்கள். ஒரு சின்னத் தீவுக்குள் மூன்று அளவு! ஒரு பாதையில் ஓடும் வண்டி அடுத்த பாதைக்குப் போகவே முடியாது. கடைசியில் அரசு தலையிட்டு 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தது. 1846-இல் அது சட்டமும் ஆயிற்று. இன்றைக்கும் அயர்லாந்தின் ரயில்கள் அந்த 1600 மில்லிமீட்டரில்தான் ஓடுகின்றன. பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் இதே அகலம் உண்டு.

மாதிரி உலகத்தில் 76 மடங்கு சுருக்கும் அளவுக்கு ‘ஓஓ’ என்று பெயர். நிஜத்தின் ஓர் அடி மாதிரியில் 4 மில்லிமீட்டர். 5 அடி 3 அங்குலம் என்பது ஐந்தேகால் அடி. ஐந்தேகாலை நான்கால் பெருக்கினால் 21 மில்லிமீட்டர். ஆனால் கடையில் கிடைக்கும் ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான்! நான்கரை மில்லிமீட்டர் குறைகிறதே, ஏன்?

அந்த 16.5 மில்லிமீட்டர் உண்மையில் 87 மடங்கு சிறிய ரயில்களுக்காக வந்தது. 1435-ஐ 87-ஆல் வகுத்துப் பார்த்தால் புரியும். பிரிட்டனின் நிஜ என்ஜின்கள் ஐரோப்பாவின் மற்ற நாட்டு என்ஜின்களைவிடச் சற்றுச் சிறியவை. அவற்றையும் 87 மடங்கு சுருக்கினால், அந்தக் காலத்து மின் மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடனே தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, என்ஜினின் உடலை மட்டும் 76 மடங்கு அளவுக்குப் பெரிதாக்கிவிட்டார்கள். பிறகு மோட்டார்கள் எவ்வளவோ சிறுத்துவிட்டன. தண்டவாளம் மாறவே இல்லை. பிரிட்டன் மாதிரிகளுக்கே பாதை கொஞ்சம் ஒடுங்கிவிட்டது. அதைவிட அகலமான பாதையில் ஓடும் அயர்லாந்து என்ஜினின் மாதிரியை முன்னால் இருந்து பார்த்தால், பருத்த ஆள் ஒருவர் கால்களை நெருக்கி வைத்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும்.

பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் மட்டும் 21 மில்லிமீட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார்கள். தண்டவாளத்தைத் தாங்களே கட்டையில் பதித்து, ஒவ்வொரு வண்டியின் சக்கரங்களையும் வெளியே தள்ளிப் பொருத்துவார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை. முடிந்ததும் அந்த வண்டி நிற்கும் தோரணையே வேறு. எனக்கு இவர்கள்மேல் தனி மதிப்பு உண்டு.

இப்படிப்பட்ட ஆர்வக்காரர்களில் அயர்லாந்து முழுவதும் தெரிந்த பெயர் சிரில் ஃப்ரை. டப்ளினில் இஞ்சிகோர் என்ற இடத்தில் பெரிய ரயில் பட்டறை இருக்கிறது. அங்கே வரைபடம் வரைபவராக வேலை பார்த்தவர் அவர். நாளெல்லாம் நிஜ என்ஜின்களின் வரைபடங்களோடு பழகிய கண், வீட்டில் குட்டி என்ஜின்களைச் செய்தது. ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற பெரிய அளவில் செய்தார். அவருடைய வண்டிகளை டப்ளினுக்கு வடக்கே மாலஹைடில் உள்ள அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம்.

மாதிரியில் கைவைக்கும் முன், என்ஜின் வாங்கிய ஒருவர் முதலில் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘எந்த வருஷத்து வண்டி?’ என்பதுதான். 1955-இல் வரத் தொடங்கிய ‘ஏ’ வகை என்ஜின்களைப் பாருங்கள். மொத்தம் 60. முதலில் வெள்ளி நிறம். அழுக்கு சீக்கிரம் தெரிந்ததால் பிறகு பச்சை, கறுப்பு, காவி என்று மாறிக்கொண்டே போனது. உள்ளே இருந்த டீசல் இயந்திரம் அடிக்கடி மக்கர் செய்தது. 1968-இலிருந்து அமெரிக்க நிறுவனம் ஒன்றின் இயந்திரத்தை எடுத்து அதே உடலுக்குள் வைத்தார்கள். அதற்கு அடையாளமாக எண்ணுக்குப் பின்னால் ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். 1970களில் எழுத்துகள் எல்லாம் போய் வெறும் எண் மட்டும் நின்றது. எழுதியிருப்பதைப் பார்த்தே உள்ளே எந்த இயந்திரம், எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். இந்த மாற்றங்களுக்கெல்லாம் முன்பு வண்டிகளில் இறக்கை முளைத்த சக்கரம்போல ஒரு சின்னம் இருந்தது. மக்கள் அதைப் ‘பறக்கும் நத்தை’ என்று செல்லமாக அழைத்தார்கள். நத்தை இருந்தால் வண்டி 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய கோலத்தில் இருக்கிறது என்று பொருள். துப்பறிவது போலத்தான்!

அடுத்து நுணுக்க வேலை. நிஜ என்ஜினில் ஏறப் பிடித்துக்கொள்ளும் கம்பியின் தடிமன் 30 மில்லிமீட்டர் என்றால், மாதிரியில் அது 0.4 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெலிதாக வார்த்தால் ஒடிந்துவிடும். அதனால் ஊசி போன்ற துளைக் கருவியால் ஓட்டை போட்டு, உலோகக் கம்பியை வளைத்துச் செருகுகிறார்கள். ‘ரிவர் ஷானன்’ போன்ற பெயர்ப்பலகைகள் இன்னும் நுட்பமானவை. உளியால் அவ்வளவு சிறிய எழுத்தை வெட்டுவது மிகவும் கடினம். ஆகவே வேதியியல் உதவிக்கு வருகிறது. பித்தளைத் தகட்டின்மேல் ஒளி பட்டால் மாறும் பூச்சைத் தடவி, எழுத்து வரைந்த படலத்தின் வழியாகப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். வேண்டிய இடத்தில் மட்டும் பூச்சு தங்கும். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், பூச்சு இல்லாத இடத்துப் பித்தளை கரைந்துபோகும். எழுத்து மேடாக நிற்கும். மின்சுற்றுப் பலகைகளும் இதே வழியில் தயாராகின்றன. இது தொழிற்கூட வேலை; வீட்டில் செய்யக் கூடாது.

வண்ணத்திலும் கணக்கு உண்டு. பூச்சு 0.1 மில்லிமீட்டர் தடிமனாக விழுந்தாலே, நிஜ அளவில் அது ஏழரை மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். தூரிகையால் அப்பினால் ஆணித் தலைகள் எல்லாம் மூழ்கிவிடும். காற்றோடு கலந்து பனிபோலத் தெளிக்க வேண்டும். இன்னொரு விஷயம்: மாதிரியை 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, நிஜ வண்டியை 45 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். தொலைவில் இருக்கும் பொருளின் நிறத்தை நடுவிலுள்ள காற்று சற்று வெளிறச் செய்யும். எனவே நிஜ வண்டியின் அதே கறுப்பைப் பூசினால் மாதிரியில் அது அளவுக்கு மீறிக் கறுத்துத் தெரியும். தெரிந்தவர்கள் கொஞ்சம் சாம்பல் நிறம் கலப்பார்கள்.

சரக்கு வேகன்களில் என் மனம் கவர்ந்தது சிமென்ட் வேகன். நான்கு சக்கரங்களின்மேல் பெரிய உருண்டைத் தொட்டி. ரயில்வேக்காரர்கள் இதைக் ‘குமிழி’ என்றே அழைத்தார்கள். ஏன் அந்த வடிவம்? சிமென்ட் தூள் தண்ணீரோடு சேர்ந்தால் வினைபுரிந்து கல்லாக இறுகிவிடும். ஈரக் காற்றுகூட உள்ளே போகக் கூடாது, தொட்டி நன்றாக மூடியிருக்க வேண்டும். இறக்கும்போது காற்றை அழுத்திச் செலுத்துவார்கள். துகள்களுக்கு இடையே காற்று புகுந்ததும் தூள் தண்ணீரைப்போல வழிந்தோடும். மூலைமுடுக்கு இருந்தால் அங்கே தேங்கிக்கொள்ளும். அழுத்தத்தையும் உருண்டைதான் நன்றாகத் தாங்கும்.

மேல்வாய் வழியாகச் சிமென்டைக் கொட்டும்போது கொஞ்சம் சிந்தும். மழை பெய்யும், அயர்லாந்தில் மழைக்குப் பஞ்சமே இல்லை. சிந்திய தூள் அங்கேயே இறுகி, உச்சியிலிருந்து சாம்பல் கோடுகளாக இறங்கும். மாதிரியைப் பழசாக்குபவர் இந்தக் காரணத்தை அறிந்திருந்தால்தான் கோடு சரியான இடத்தில் விழும். டீசல் என்ஜினிலும் அப்படித்தான். கூரையில் புகைபோக்கியைச் சுற்றிக் கரி படியும். கீழே சக்கரங்களின் பக்கம் பழுப்பு நிறம். பிரேக் கட்டை சக்கரத்தில் உராயும்போது இரும்புத் தூள் பறந்து, ஈரமும் ஆக்சிஜனும் பட்டுத் துருவாகிறது. மேலே கறுப்பு, கீழே பழுப்பு. இதை மாற்றித் தீட்டியிருந்தால் பார்த்தவுடனே ஏதோ தவறு என்று மனம் சொல்லிவிடும்.

ஓட்டும்போது வேகத்தையும் சுருக்க மறக்காதீர்கள். மணிக்கு 160 கிலோமீட்டர் என்பது மாதிரியில் நொடிக்கு 58 சென்டிமீட்டர்தான். இரண்டு மீட்டர் மேசையைக் கடக்க மூன்றரை நொடி ஆக வேண்டும். சரக்கு ரயிலுக்கு அதைப்போல இரு மடங்கு நேரம். ஒலி மட்டும் எவருக்கும் அடங்குவதில்லை. நிஜ என்ஜினின் உறுமலைப் பதிவு செய்து சில்லுக்குள் வைத்துவிடலாம். ஆனால் அடித்தொண்டை உறுமலை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். நாணயம் அளவு ஒலிபெருக்கியால் அது ஆகாது. அதனால்தான் குட்டி என்ஜின் எப்போதும் கொஞ்சம் கீச்சுக் குரலில் பேசுகிறது.

நீங்களும் தொடங்கலாம். இதற்கு விலை உயர்ந்த மாதிரி எதுவும் தேவையில்லை. அடுத்த முறை ரயில் நிலையத்துக்குப் போகும்போது, நடைமேடையில் பத்திரமாக நின்றபடி ஒரு சரக்கு வேகனை நன்றாகப் பாருங்கள். எங்கே துரு, எங்கே தூசி, கோடுகள் எங்கிருந்து இறங்குகின்றன என்று நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டையில் 76 மடங்கு சிறிதாக ஒரு வேகன் வெட்டி ஒட்டி, சாக்பீஸ் தூளாலும் கரித் தூளாலும் அதே கறைகளைத் தீட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பு நண்பரிடம் கொடுத்து, இந்த வேகன் என்ன சரக்கு ஏற்றியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.